பிறவி ஆசிரியர் என்னும் மூடநம்பிக்கை

சிராங்கூன் சாலைக் கடைத்தெருவில் தமிழ்ப் பெற்றோர் இருவர் சந்தித்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பிள்ளைகளின் இங்கிலீஷ் டியூஷனில் வந்து நிற்கிறது. ஆசிரியர் யார் என்று ஒருவர் கேட்கிறார். வெள்ளைக்காரர் என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் மலர்கிறது. நம்மவர் என்றால் சுருங்குகிறது. அந்த வெள்ளைக்காரர் கற்பிக்கும் தொழிலை எங்கே பயின்றார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பிறந்த தேசமே அவருக்கு யோக்கியதாபத்திரமாகி விடுகிறது.

பிறப்பைக் காட்டி உயர்வு கேட்பவர்களை மேடைக்கு மேடை கண்டித்து வந்த நாம், இங்கிலீஷ் விஷயத்தில் மட்டும் ஒரு புதிய வருணாசிரமத்துக்குச் சாமரம் வீசலாமா என்று கேட்கிறோம்.

இந்த மூடநம்பிக்கை கடைத்தெருவில் உண்டானதன்று. 1961ஆம் வருஷம் உகாண்டாவிலுள்ள மக்கரேரேயில் கூடிய இங்கிலீஷ் போதனை மகாநாட்டின் கொள்கைகளுள், அம்மொழியைத் தாய்மொழியாக உடையவரே உத்தம ஆசிரியர் என்பதும் ஒன்று. ராபர்ட் பிலிப்சன் என்னும் இங்கிலீஷ் அறிஞரே 1992இல் வெளியிட்ட தமது நூலில் அதைப் பொய்க்கொள்கை என்று கண்டித்தார். ஆயினும் அது சாகவில்லை. தென்கொரியாவில் இங்கிலீஷ் உரையாடல் கற்பிக்க விசா கேட்பவர், குறிப்பிட்ட ஏழு தேசங்களில் ஒன்றின் பிரஜையானால் எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போதும். இந்தியப் பிரஜைக்கோ ஆசிரியச் சான்றிதழும் வேண்டும். ஒருவனுக்குப் பிறப்பு, மற்றவனுக்குப் படிப்பு! இதற்குப் பெயர் என்ன?

"பிள்ளைக்கு நல்ல உச்சரிப்பு வர வேண்டாமா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வர வேண்டியதுதான். ஆனால் இங்கிலீஷின் k, g ஒலிகள் இரண்டுக்கும் தமிழில் ககரம் என்னும் ஓரெழுத்தே உண்டு; p, b ஒலிகள் இரண்டுக்கும் பகரம் ஒன்றே. இங்கிலீஷ் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'எ', 'தி' போன்ற சிறு சொற்கள் நம் மொழியில் இல்லவே இல்லை. தமிழ்ப் பிள்ளை அவற்றை விட்டுவிடுவது சோம்பலால் அன்று. நோயின் காரணம் அறிந்தவனே வைத்தியன். நோயே வந்திராதவன் என்பதற்காக ஒருவனை வைத்தியன் ஆக்குவார் உண்டா?

2022ஆம் வருஷத்துப் பீசா என்னும் சர்வதேசப் பரீட்சையில், 15 வயது மாணவர்களின் வாசிப்புத் திறனில் சிங்கப்பூர் 543 புள்ளி பெற்று உலகில் முதலாவதாக வந்தது. இங்கிலாந்தும் அமெரிக்காவும் பின்னால் நின்றன. இங்கே அப்பரீட்சை நடந்ததும் இங்கிலீஷில்தான். அம்மாணவர்களுக்குக் கற்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இவ்வூர் ஆசிரியர்களே.

நிற்க. நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காக நம்மவரை ஆதரியுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அதுவும் பிறப்பு வாதமே. மலாய்த் தோட்டங்களில் நம் பாட்டன்மார் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, ஆசிரியர் வரவில்லை. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ பிரம்பைக் கையில் பிடித்து உட்கார்ந்தார். எழுத்தறிந்தவரெல்லாம் ஆசிரியர் என்று துரைமார் கருதியதால், ஒரு தலைமுறையே பால்மரத்தடியில் நின்றுவிட்டது.

இன்று பட்டணத்தில் நடப்பது மட்டும் என்ன? பள்ளி ஆசிரியர்கள் வருஷத்துக்கு 100 மணி நேரம் வரை பயிற்சி பெறலாம் என்று 1998இல் அரசாங்கம் வகுத்தது. இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கென்றே 2011இல் சிங்கப்பூர் ஆங்கில மொழிக் கழகம் அமைந்தது. டியூஷன் சந்தையிலோ, 10க்குக் குறைந்த பிள்ளைகளுக்குத் தனியே சொல்லிக்கொடுப்பவர் எங்கும் பதிவு செய்ய வேண்டுவதில்லை. 2023இல் இவ்வூர்க் குடும்பங்கள் டியூஷனுக்குச் செலவிட்டது 180 கோடி வெள்ளி! கத்தரிக்காயை அழுத்திப் பார்த்து வாங்கும் நாம், ஆசிரியரின் நிறத்தைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுகிறோம்.

நம் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இருபது வருஷத்துக்கு முன் வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதன் பிறகு ஒரு புது நூலையும் தொடாதவர், வெள்ளைத் தோலைக் காட்டிப் பிழைப்பவரைக் குறை கூற அருகதையற்றவர். கற்பதை நிறுத்திய அன்றே அவர் ஆசிரியத் தொழிலைவிட்டு விலகியவராகிறார்.

பெற்றோர்களே! அடுத்த முறை ஓர் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கற்பிக்க எங்கே பயின்றீர்? என் பிள்ளையின் தவறு எதனால் வருகிறது? இந்த வருஷம் நீர் புதிதாக என்ன கற்றீர்? இவற்றுக்கு நேரான விடை தருபவர் எந்த ஊரில் பிறந்தவராயினும் அவரை வரவேற்போம். விடை தராதவர் லண்டனிலேயே பிறந்திருந்தாலும் வாசலிலிருந்தே வழியனுப்புவோம்.