கணினிக்கு ஏவல் எம்மொழியில்?

கணினியை ஆள்வதற்கு ஆங்கிலமே வாயில் என்றொரு கருத்துத் தமிழரிடை வேரூன்றிக் கிடக்கின்றது. திரையில் தோன்றும் படங்களைச் சொடுக்கி வேலைவாங்குவோரை விடுக. வழங்கிகளையும் அலுவலகக் கணினிகளையும் நாள்தோறும் பேணிவருவோர், முனையம் என்னும் வெறுந்திரைமுன் அமர்ந்து, எழுத்தால் ஏவி எழுத்தால் விடை பெறுகின்றனர். அவ்வேவற்சொற்கள் ஆங்கிலமாதலின் அக்கலையை ஆங்கிலத்திலன்றிக் கற்கவோ கற்பிக்கவோ இயலாது என்பது அக்கருத்தினர் கூற்று. கூற்றின் அடிப்படையே பிழை. அவை ஆங்கிலச் சொற்களாக நிற்கவில்லை. ஆங்கிலத்தின் நறுக்குகளாகவே நிற்கின்றன.

1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூசெர்சியிலிருந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் தெனிசு இரிச்சியும் யூனிக்சு என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். இன்று வழங்கிகளில் பெருவழக்காயுள்ள இலினக்சு அதன் அமைப்பைப் பின்பற்றி 1991-இல் எழுதத் தொடங்கப்பெற்றது. யூனிக்சின் தொடக்கநாள் முனையத்திற்குத் திரையில்லை. 33-ஆம் வகைத் தொலையச்சுப் பொறியே முனையம். நொடிக்குப் பத்தெழுத்துக்கு மேல் அஃது அச்சிடாது. ஒவ்வோர் எழுத்தையும் அழுந்தக் குத்தவும் வேண்டும். விரல்வலிக்கும் காத்திருப்புக்கும் அஞ்சிய அவ்வறிஞர் தம் தாய்மொழிச் சொற்களையே வெட்டிக் குறைத்தனர். பட்டியலிட ‘எல்-எசு’, படியெடுக்க ‘சி-பி’, இடம்பெயர்க்க ‘எம்-வி’, நீக்க ‘ஆர்-எம்’ என ஈரெழுத்துக் குறிகள் பிறந்தன. கோப்புகளுள் சொல் தேடும் ‘கிரெப்’ என்பதோ, பழைய எழுத்துத்திருத்தி ஒன்றில் ‘எங்கணும் இக்கோலத்தைத் தேடி அச்சிடுக’ என ஏவுதற்கு இட்ட தனியெழுத்துகளின் கோவை. கோப்பாக்கும் உள்ளேவல் ஒன்றில் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தையே தாம்சன் விட்டுவிட்டார். மீண்டும் செய்வதாயின் அவ்வெழுத்தைச் சேர்ப்பதாகப் பின்னாளில் நகையாடவும் செய்தார். ஆக்கியோரே நகைக்கும் நறுக்கைத் தமிழன் மறைமொழியாக வணங்குவானேன்?

ஆங்கிலம் அறிந்தவனுக்கு இவை தாமே விளங்கும் என்பதும் உண்மையன்று. ‘கில்’ என்னும் ஏவலைக் காண்க. சொற்பொருள் கொலை. ஆயினும் எண் குறியாது ஏவினால், ‘பணியை ஒழுங்குற முடித்து விலகுக’ என்னும் 15-ஆம் செய்தியே நிரலுக்குச் செல்லும். 9 என எண்ணிட்டால்தான் நிரலைக் கேளாமலே இயங்குதளத்தின் உட்கரு அதனை வீழ்த்தும். எழுதிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தை 9-ஆல் வீழ்த்துவோன் அதன் எழுத்தைப் பாதியில் அறுக்கின்றான். ‘கேட்’ என்னும் ஏவலுக்கும் பூனைக்கும் தொடர்பில்லை. கோப்புகளைக் கோத்துக் காட்டுதல் அதன் தொழில். ‘சி-மாட்’ என்பதனுடன் எழுதும் 640 என்னும் மூன்றிலக்கத்தில் மொழியே இல்லை. கணக்கு மட்டுமே உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. முதலிலக்கம் உடையவனுக்கு, அடுத்தது குழுவுக்கு, ஈற்றது ஏனையோர்க்கு. எனவே 640 என்றால் உடையவன் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம், ஏனையோர்க்கு ஒன்றுமில்லை. இக்கணக்கறியாதார், தடைப்பட்ட இடந்தோறும் 777 என இட்டு எல்லார்க்கும் எல்லாம் இசைந்துவிடுகின்றனர். திறந்த வீட்டில் எது நுழையும் என்பது நாடறிந்ததே.

நெட்டுருவின் தீங்கு ‘ஆர்-எம்’ ஏவலில் முற்றும் வெளிப்படும். முனையத்தில் நீக்கியது குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை, மீட்பது அரிது. ‘ஆர்’, ‘எஃப்’ என்னும் இரு குறிகளை உடன் சேர்த்தால், அடைவையும் அதனுள் அடங்கியன அனைத்தையும் வினவாமலே துடைக்கும். தலைமைப் பயனரின் அதிகாரத்தை வழங்கும் ‘சூடூ’ முன்னின்றால், தடுப்பார் எவருமிலர். அடைவுப் பெயரின் நடுவே தவறிவிழும் ஒரு வெற்றிடம் போதும். ஒரு பெயர் இருபெயராகி, வேண்டாததோடு வேண்டியதும் அழியும். இதனை விளங்கும் மொழியில் சொல்லிக்கொடாமல் குறியை மட்டும் ஒப்பிக்கச் செய்யும் பயிற்றகம், பிள்ளையின் கையில் உறையில்லா வாளைக் கொடுக்கின்றது. வட்டு நிறைந்ததா என ‘டி-எஃப்’ சொல்லும், நிறைத்த அடைவு எது என ‘டி-யூ’ சொல்லும் என்பன போன்றவை அரைமணிப் பாடம். எதனை எப்போது ஏவலாகாது என்பதே கலை. அது தாய்மொழியில்தான் உள்ளத்தில் ஊன்றும்.

இனி, பொறி தமிழுக்கு இழைக்கும் முறைகேடு ஒன்றுண்டு. ஒருங்குறியில் அமைந்த கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல்லைக் கொடுத்து, எண்ணிக்கை சொல்லும் ‘டபிள்யூ-சி’ ஏவலை எழுத்தெண்ணச் சொன்னால் ஐந்தென்கின்றது. எண்மிகளை எண்ணச் சொன்னால் பதினைந்தென்கின்றது. மூன்றெழுத்துச் சொல் இது என்பதைப் பள்ளிப்பிள்ளை அறியும்! 1988-இல் நாகரி அமைப்பை அடியொற்றி வகுத்த இசுக்கி முறையை 1991-இல் ஒருங்குறி பின்பற்றிக்கொண்டதன் விளைவு இது. தொல்காப்பிய நெறிப்படி புள்ளியுடன் நிற்பதே மெய்யின் இயல்பு. அகரம் ஏறுங்கால் புள்ளி நீங்கும். ஒருங்குறியிலோ அகரமேறிய எழுத்தே முதல். புள்ளி தனியே ஒட்டும் ஓர் உறுப்பு. வரிசைப்படுத்தும் ‘சார்ட்’ ஏவலை வெறுங்குறியெண் முறையில் இயக்கினால், பனை முன்னும் பயறு பின்னுமாக வரும். நாகரி அடைவை ஒட்டி னகரத்தை நகரத்தின் அருகே இருத்தியதே கரணியம். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியிடம் தரும் 16 துணுக்குத் தமிழ் முறையையும் ஏற்றது. எனினும் உலகெங்கும் வழங்குவது ஒருங்குறியே.

அதற்காகக் கைகட்டி இருக்க வேண்டுவதில்லை. எழுத்துக்கோவைகளைப் பிரித்தெடுக்கும் குறி ‘கிரெப்’ ஏவலில் உண்டு. அதன்வழிப் பிரித்து, வரிகளை எண்ணினால், ‘தமிழ்’ மூன்றெழுத்தென்று அதே பொறி ஒப்புகின்றது. இவ்விரண்டையும் இணைத்து ‘எழுத்தெண்’ என்று பெயரிட்டு, பயனரின் அமைப்புக் கோப்பில் ஒருவரி எழுதிவைத்தால், அன்றுமுதல் முனையத்தில் ‘எழுத்தெண்’ என்பதே ஏவல். ‘எல்-எசு’ என்பதற்குப் ‘பட்டியல்’ என மாற்றுப்பெயர் இடுவதும் அவ்வாறே. கோப்புக்கும் அடைவுக்கும் தமிழ்ப்பெயர் சூட்டத் தடையில்லை. இதற்கு வழிதிறந்தது 1992-இல் இராப் பைக்குடன் சேர்ந்து யூடிஎஃப்-8 குறிமுறையை வகுத்த அதே தாம்சன்! சொல்லை நறுக்கியவர் கையாலேயே எம்மொழிக்கும் இடங்கிடைத்தது.

எல்லைகளும் உள. நிரலின் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயரை இவ்வேவற்கூடு ஏற்பதில்லை. மாற்றுப்பெயர்கள் அவரவர் கணக்கிலேயே செல்லும்; அயலார் வழங்கியில் அமர்வோனுக்குப் பழைய குறிகளே துணை. படத்திரை எழாது கணினி வெறும் எழுத்துத்திரையில் நின்றுவிட்டால் தமிழ் அங்குக் கட்டங்கட்டமாகவே தெரியும். 512 வடிவுக்குமேல் அத்திரை தாங்காது, எழுத்தைக் கூட்டியமைக்கவும் அறியாது. எனவே அயற்குறிகளைக் குறிகளாகவே கற்றுக்கொள்க. பொருளையும் விளக்கத்தையும் தமிழில் கொள்க. அடைவு, கோப்புறை, கோப்பகம் என ஒன்றற்கு மூன்று சொல் படைத்து அவற்றுக்காக வழக்காடும் தமிழன்பர்கள் ஒன்றைத் தேர்ந்து உழைப்பை வேறிடம் திருப்புதல் நன்று.

அவ்விடம் கண்முன்னே உள்ளது. ஒவ்வோர் ஏவலுக்கும் ‘மேன்’ என்பதனால் திறக்கும் கையேட்டுப் பக்கம் உண்டு. செருமானியரும் பிரெஞ்சியரும் சப்பானியரும் அவற்றைத் தம்மொழியில் பெயர்த்து வைத்துள்ளனர். தமிழின் மொழிக்குறி தாங்கிய அடைவில் பக்கத்தை இட்டு, மொழிச்சூழலைத் தமிழாக அமைத்துவிட்டால், ‘மேன்’ அதனையே முதற்கண் எடுத்துக்காட்டும்; எவர் இசைவும் வேண்டுவதில்லை. ‘ஆர்-எம்’, ‘கில்’, ‘சி-மாட்’ ஆகிய மூன்றன் பக்கங்களில் தொடங்குக. தவறினால் அழிவு மிகுவது அவற்றிலேயே.