பிடித்த பணமும் பின்னர்த் தருவதாகச் சொன்ன பணமும்

நெல்லாகிய சம்பும் உப்பாகிய அளமும் சேர்ந்ததே சம்பளம் என்று காட்டினார் மொழிஞாயிறு பாவாணர். ஓய்வூதியமும் அந்நெல்லே, களத்தில் அளக்காமல், பின்னர் அளப்பதாகச் சொல்லி ஆண்டை தன் களஞ்சியத்தில் நிறுத்திக்கொண்ட நெல். அஃது ஈகையன்று, முன்செய்த பணிக்குரிய ஊதியமே என்று 1982-இல் நகாரா வழக்கில் தில்லி உச்சமுறைமன்றமே தீர்த்துரைத்தது. ஆயினும் நம் ஆட்சியாளர்க்கு அது 'சுமை'யாம்!

1-4-2003 முதல் பணியேற்கும் ஆசிரியர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றது தமிழக அரசு. நடுவணரசு தன் ஊழியர்க்கு அதனைச் செய்ததோ 1-1-2004-இல். பறிப்பதில் தில்லியை ஒன்பது திங்கள் முந்திக்கொண்டது நம் கோட்டை! மேற்கு வங்க அரசு அக்கண்ணியில் கால்வைக்கவே இல்லை. அவ்வாண்டு சூலையில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியரும் ஊழியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டதையும் நாம் மறந்திலோம்.

அன்றுதொட்டு அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் நூற்றுக்குப் பத்துத் திங்கள்தோறும் தவறாது பிடிக்கப்பட்டது. "இத்திங்கள் கைவறட்சி, பிறகு தருகிறேன்" என்று ஓர் ஆசிரியரேனும் சொல்ல முடிந்ததா? அரசும் அதே அளவு சேர்ப்பதாகச் சொல்லிற்று. இருவர் பங்கும் இருந்தது அரசின் பிடியிலேயே. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் என்று பெயர். பங்களிப்பு இருந்தது, ஓய்வூதியந்தான் இல்லை! ஓய்வுபெற்றவர் ஒருமுறை ஒரு தொகை வாங்கி வீடு திரும்பினார். அடுத்த திங்கள் முதற்கொண்டு ஒரு காசும் வரவில்லை. சட்டமன்றத்தில் ஒருமுறை அமர்ந்தெழுந்தவர்க்கோ வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம். முப்பதாண்டு சுண்ணக்கட்டித் தூளை விழுங்கியவர் அவரினும் குறைவாகவா உழைத்தார்?

பழைய திட்டத்தை மீட்போம் என்று 2021 தேர்தலில் உறுதிகூறி வந்தவர்கள், ஐந்தாமாண்டின் விளிம்பில், 2026 சனவரி 3-ஆம் நாள், உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் என்ற ஒன்றை அறிவித்தனர். கடைசிச் சம்பளத்தில் பாதி கிடைக்குமாம். பத்து விழுக்காட்டுப் பிடித்தம் தொடருமாம். அதற்கென உடனே 13,000 கோடி உருபாவும், ஆண்டுதோறும் ஏறத்தாழ 11,000 கோடியும் அரசு இடவேண்டும் என்றனர். இருபத்திரண்டாண்டு பிடித்த பின்னும் இத்துணைப் பெரும்பள்ளமா? ஆசிரியரா தோண்டினார் இதை? அன்றன்று எடுத்துவைக்க வேண்டியதை அடுத்த ஆட்சி பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிவிட்டவர்கள் தோண்டியது.

ஆசிரியப் பெருமக்களே, அறிவிப்புக்கு மாலை சூட்டாதீர். எவ்வாட்சி வரினும், அப்பணத்தை வேறு செலவுக்குத் தொடவியலாதபடி தனிச் சட்டத்தாற் பூட்டச் சொல்லுங்கள். அதன் பொறுப்பாளருள் ஆசிரியரும் இருக்கட்டும். அரசு இட்டது எவ்வளவு, இடாதது எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கை வெளியிடச் சொல்லுங்கள். வாய்ச்சொல் 2021-லேயே வாங்கியாயிற்று.