ஆயிரத்து இருபத்து நான்கு டோக்கன்கள்

சென்ற திங்கள் நம் சங்க அன்பர் ஒருவர் கவலையோடு நம்மை நாடி வந்தார். சாலைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாக வாணிகம் புரியும் குடும்பத்தினர் அவர். பாட்டனார் காலத்துப் பேரேடுகள் செல்லரித்து உதிரத் தொடங்கவே, அவருடைய மகள் விடுமுறை நாட்களில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றினாள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் சேர்ந்தன. அவற்றை ஒரே நூலாகக் கோக்க முற்பட்டபோது பொறி வேலையை நிறுத்திவிட்டது. திறந்துள்ள கோப்புகள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் தோன்றியது. பொறி பழுதாயிற்று, புதிது வாங்குக என்று யாரோ சொல்லிவிட்டார்களாம்.

அன்பருக்கு நாம் அளித்த விடை ஏனைய இல்லங்களுக்கும் பயன்படும் எனக் கருதி ஈண்டு எழுதுகிறோம். பொறி பழுதாகவில்லை. தனக்கு விதிக்கப்பட்ட ஓர் எல்லையை அது தொட்டிருக்கிறது; அவ்வளவே.

கிழக்கேகோட்டையில் பத்மநாப சுவாமியைத் தரிசிக்கச் செல்லும் நாம், கைப்பேசியையும் பையையும் வெளியே ஒப்படைத்து டோக்கன் பெறுகிறோம் அல்லவா? கணிப்பொறியிலும் ஒரு நிரல் கோப்பு ஒன்றைத் திறந்தால், இயங்குதளம் அதற்கு ஓர் எண்ணைத் தருகிறது. கோப்பை மூடினால் எண் திரும்பி வந்து வேறொரு கோப்புக்குப் பயன்படும். லினக்ஸில் ஒரு நிரலுக்கு வழக்கமாகக் கிடைப்பவை 1024 எண்கள். அவற்றுள் 0, 1, 2 ஆகிய மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழையறிவிப்பு ஆகியவற்றுக்குப் போய்விடும். இரண்டாயிரம் பக்கங்களையும் ஒருசேரத் திறக்க முயன்ற நிரல் வழியில் நின்றதில் வியப்பில்லை.

1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஒரு நிரலுக்கு 20 கோப்புகளே அனுமதி. இன்று 1024 என்னும் எண் நிலைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. 'செலக்ட்' என்னும் பழைய அழைப்பு 1024-க்குக் குறைந்த எண்களை மட்டுமே கையாள வல்லது. அதை நம்பியிருக்கும் பழைய நிரல்கள் இடறிவிடாதபடியே இவ்வெல்லை காக்கப்படுகிறது.

லினக்ஸ் நம் நகருக்குப் புதியதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் திருவனந்தபுரத்திலேயே தொடங்கப் பெற்றது. கேரள அரசுப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பயில்வதும் உபுண்டுவைத் தழுவிய லினக்ஸே. அன்பரின் இல்லத்திலும் அதுவே இருந்தது.

இனிச் செய்முறை. முனைய ஜன்னலைத் திறந்து 'யூலிமிட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டுடன் 'என்' என்னும் சிறிய எழுத்தைச் சேர்த்தால் இப்போதைய எல்லை தெரியும். அதன்பின் 4096 என்று எழுதினால் எல்லை உயரும். இது மென் எல்லை. இதற்கு மேல் வன் எல்லை ஒன்றுண்டு. அதுவரை நாமே உயர்த்தலாம். அதைக் கடக்க நிர்வாகியின் அனுமதி வேண்டும். இம்மாற்றம் அந்த ஜன்னலில் தொடங்கும் நிரல்களுக்கு மட்டுமே செல்லும். ஆகவே நிரலையும் அங்கிருந்தே தொடங்குக. மாற்றம் நிலைக்க வேண்டுமாயின் 'லிமிட்ஸ்.கான்ஃப்' என்னும் கோப்பில் எழுதி, வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும். ஆப்பிளின் மேக் பொறிகளில் தொடக்க எல்லை 256 மட்டுமே. அங்கும் முனையத்தில் இதே கட்டளை உதவும்.

ஓர் எச்சரிக்கை. கோயிலிலிருந்து திரும்புவோர் டோக்கனைத் திருப்பித் தராமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றால், எத்தனை டோக்கன் அடித்தாலும் போதா. திறந்த கோப்பை மூட மறக்கும் நிரலும் அவ்வாறே. எல்லையை உயர்த்திய பின்னும் சில மணி நேரத்தில் அதே அறிவிப்பு வருமாயின், குற்றம் நிரலுடையது. அதைத் திருத்துவதே வழி. நம் அன்பரின் மகளுக்கு இன்னொரு வழியும் கூறினோம்: ஐந்நூறு பக்கங்களாகப் பிரித்துக் கோத்துப் பின்னர் அவற்றை இணைத்தால் எல்லையைத் தொடவே வேண்டாம். பாட்டனாரும் ஆண்டுக்கொன்றாகத்தானே பேரேடு கட்டினார்!

அவள் எல்லையை உயர்த்தியே நூலைக் கோத்து முடித்தாள். முதற் பக்கத்தில் பிள்ளையார் சுழி. கீழே தொகைகள் யாவும் பழைய தமிழ் இலக்கங்களில். மலையாளம் பயின்ற அச்சிறுமிக்கு அவை விளங்கவில்லை. தந்தையைக் கேட்டாள்; அவருக்கும் தெரியவில்லை.

பொறியின் குறையை ஒரு வரியில் தீர்த்தோம். இக்குறைக்கு அத்தகைய கட்டளை ஏதுமில்லை. அவ்விலக்கங்களை அறிந்த முதியோர் நம் இல்லங்களில் இருப்பின், ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.