ஒற்றையடிப் பாதையும் மரபுச் சின்னமே

இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டம் நம்மில் பலருக்கு ஜேன் ஆஸ்டின் வழியாகவே அறிமுகமாகியிருக்கும். 1813இல் வெளிவந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் எலிசபெத் தன் மாமாவோடும் மாமியோடும் அங்கே பயணம் போகிறாள். பெம்பர்லி மாளிகையை நிர்வகிக்கும் பெண்மணி அவர்களை அறை அறையாக அழைத்துச் சென்று காட்டுகிறாள். இது கதைக்காகக் கற்பித்த ஏற்பாடன்று. பிரபுக்களின் மாளிகைகளை மதிப்புக்குரிய பயணிகளுக்குத் திறந்துகாட்டுவது அக்காலத்தில் வழக்கமாகவே இருந்தது.

அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. சாட்ஸ்வொர்த், ஹாடன் போன்ற மாளிகைகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்கி, ஓவியங்களையும் தோட்டத்தையும் கண்டு, தேநீர் அருந்தித் திரும்புவது அங்குள்ள குடும்பங்களின் வார இறுதி வாடிக்கை. அதில் குறைகாண நாம் முற்படவில்லை. ஆனால் மரபைப் பேணுதல் என்றதும் மாளிகையையும் தேவாலயத்தையும் மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு. டார்பிஷயரின் ஆகப் பெரிய மரபுச் செல்வம், சீட்டு எதுவுமின்றி யாரும் நடக்கக்கூடிய அதன் ஒற்றையடிப் பாதைகளே என்பது நம் துணிபு.

அப்பாதைகளின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். நிலம் ஒருவருக்குச் சொந்தம். அதன் குறுக்கே நடந்துபோகும் உரிமை எல்லோருக்கும் சொந்தம். சுண்ணாம்புக்கல் அடுக்கிக் கட்டிய வேலிச்சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஏறி இறங்கக் கற்படிகள் வைத்திருப்பார்கள், அல்லது ஓர் ஆள் நுழையுமளவு இடுக்கு விட்டிருப்பார்கள். ஆங்கில நாவல்களில் காதலர்கள் சந்திக்கும் இடமாக இந்த வேலிப்படி அடிக்கடி வரும். அதை வெறும் இயற்கை வருணனையாகக் கருதி நாம் கடந்துவிடுகிறோம். உண்மையில் அது பொதுமக்களின் உரிமை தனியார் நிலத்துக்குள் நுழையும் வாசல். அந்தப் பொருள் புரிந்தால் பல காட்சிகளை நாம் வேறுவிதமாக வாசிப்போம்.

பாதை இல்லாவிட்டால் சின்னமும் ஊமையாகிவிடும் என்பதற்கு ஈயம் என்ற சிற்றூர் சான்று. 1665இல் லண்டனிலிருந்து ஒரு தையற்காரருக்கு வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் அவ்வூருக்கு வந்ததாகச் சொல்வார்கள். வில்லியம் மாம்பெஸன், தாமஸ் ஸ்டான்லி என்ற இரு மதகுருமாரின் சொற்கேட்டு, நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க ஊரார் தம்மைத் தாமே எல்லைக்குள் அடைத்துக்கொண்டனர். ஏறத்தாழ 14 மாதங்களில் 260 பேர் மாண்டனர். ஊருக்கு வெளியே வயல்வெளியில் ஓர் எல்லைக்கல் இன்றும் கிடக்கிறது. அதிலுள்ள குழிகளில் வினிகர் ஊற்றிக் காசு வைப்பார்கள். ஸ்டோனி மிடில்டன் ஊரார் காசை எடுத்துக்கொண்டு உணவு வைத்துவிட்டுப் போவார்கள். இந்தக் கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தால் அது வெறும் துளையிட்ட பாறைதான். இரண்டு ஊருக்கும் நடுவே, வயல் வழியாக நடந்து வந்து அதன்முன் நிற்கும்போதே, எந்த இடத்தில் அம்மனிதர்கள் தங்கள் கால்களை நிறுத்திக்கொண்டார்கள் என்பது உறைக்கிறது.

இந்த நடக்கும் உரிமை தானாக வாய்த்ததன்று. மாவட்டத்தின் வடக்கே கிண்டர் ஸ்கௌட் என்ற பீடபூமி உள்ளது. 1930களில் அதன் பெரும்பகுதி கிரௌஸ் பறவை வேட்டைக்காகப் பொதுமக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் ஆலைப்புகைக்குள் வாரம் முழுதும் உழைத்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அம்மலை கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. 1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து சில நூறு பேர் தடையை மீறி ஏறினர். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது 20. காவலாளிகளோடு கைகலப்பு மூண்டது. ஐந்து இளைஞர்கள் இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைசென்றனர். அப்போதிருந்த நடைப்பயணக் கூட்டமைப்புகளே இம்மீறலை ஏற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் தண்டனையின் கடுமை பொதுமக்கள் பரிவை அவர்கள் பக்கம் திருப்பியது. 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் மாவட்டம் அறிவிக்கப்பட்டது.

2002இல் அந்நிகழ்வின் 70ஆம் ஆண்டு விழாவில், அக்காலத்து நில உரிமையாளர்களுள் ஒருவரின் பேரனான டெவன்ஷயர் கோமகன், தம் பாட்டனார் நடந்துகொண்ட விதத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். சாட்ஸ்வொர்த் மாளிகை அந்தக் கோமகன் குடும்பத்தினுடையதே. பார்க்கும் மரபும் நடக்கும் மரபும் எதிரெதிரே நின்று பின்னர் கைகுலுக்கிய வரலாறு இது.

இன்னொரு மரபும் இங்கே உண்டு. 1771இல் குரோம்ஃபோர்டில் ஆர்க்ரைட் தொடங்கிய நீராற்றல் நூற்பாலையும் அதைச் சூழ்ந்த டெர்வென்ட் பள்ளத்தாக்கும் 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவ்வாலையில் சிறுவர்கள் உழைத்தார்கள். அங்கு பிறந்த இயந்திர நூற்பு லங்காஷயரில் பல்கிப் பெருகி, 19ஆம் நூற்றாண்டில் அதன் நூலும் துணியும் நம் சந்தைகளை நிரப்பியபோது, ராட்டை சுற்றிப் பிழைத்த நம்மூர்ப் பெண்கள் வாழ்விழந்தார்கள். ஆகவே அதன் வாயிலில் நிற்கும் தமிழர் வியப்பை மட்டும் சுமந்துகொண்டு திரும்ப இயலாது.

நடப்பதாலேயே பாதை கெடுகிறது என்ற மறுப்பு உண்டு, அது நியாயமானதே. ஈடேலில் தொடங்கி 268 மைல் செல்லும் பென்னைன் பாதை 1965இல் திறக்கப்பட்டபின், எண்ணற்ற கால்கள் பட்டுக் கரிமண் சேறாகி அரித்துப்போயிற்று. அதற்குத் தீர்வாகக் கற்பலகைகள் பதித்தார்கள். அவற்றுள் பல, இடிக்கப்பட்ட பஞ்சாலைகளின் தளக்கற்கள். தொழிலாளி நின்று தேய்ந்த கல்லின்மேல் இன்று அவர் பேரப்பிள்ளைகள் உலாவுகிறார்கள். நாய்களை அவிழ்த்துவிட்டு ஆட்டு மந்தையைக் கலைப்பவர்கள், கதவை மூடாமல் செல்பவர்கள்மீது விவசாயிகளுக்குள்ள கோபமும் நேர்மையானது. இவையெல்லாம் ஒழுங்கு வேண்டும் என்பதற்கான வாதங்கள். பாதை வேண்டாம் என்பதற்கானவை ஆகா.

இப்போதைய கவலை வேறு. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி தயாரித்த பாதை வரைபடங்களில் எத்தனையோ பழைய வழிகள் விடுபட்டுவிட்டன. அவற்றைப் பதிவுசெய்ய 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஜனவரி வரை கெடு வைத்தது. 2023இல் அது 2031க்குத் தள்ளப்பட்டது. 2024 டிசம்பரில் அரசு கெடுவையே நீக்கப்போவதாக அறிவித்தது. இந்த ஊசலாட்டத்தின் நடுவே, ராம்ப்ளர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் விடுபட்டிருப்பதாகக் கண்டறிந்தனர்.

கெடு இருந்தாலும் நீங்கினாலும், ஆவணக்காப்பகத்தில் பழைய நிலவரி வரைபடத்தை விரித்து ஒரு கோட்டைத் தேடுகிற ஓய்வுபெற்ற ஆசிரியரின் உழைப்பை நாம் மரபுப் பணியாக மதிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் மக்கள் தடையின்றி, யாரிடமும் அனுமதி கேளாமல் நடந்த வழியைப் பொதுவழி எனக் கருத அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. மாலையில் நாயோடு ஒரு சுற்று நடந்துவரும் எளிய மனிதர் தாம் அறியாமலேயே ஓர் ஆவணத்தை எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் நடப்பதை நிறுத்தினால் முட்செடி மூடும். பிறகு வேலி வரும். மாளிகையின் கூரை ஒழுகினால் நிதி திரட்டப் பலர் உண்டு. பாதைக்கு வேண்டிய பராமரிப்பு, பக்கத்து ஊர்க்காரர்கள் வாரம் ஒருமுறை அதில் நடப்பதே.