குணமா? சூழ்நிலையா?



நம்ம பள்ளியில் தினமும் காதில் விழுகிற வார்த்தைகள் மூன்று. "அவன் சோம்பேறி." "அவளுக்குத் திமிர்." "அவங்க ஆளுங்களே அப்படித்தான்." ஏன் அப்படி நடந்தார்கள் என்று விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இது நியாயமில்லை என்பது என் கருத்து.

நாம் லேட்டா வந்தா என்ன சொல்றோம்? "பஸ் வரல சார், ஒரே டிராஃபிக் சார்." அடுத்தவன் லேட்டா வந்தா? "தூங்குமூஞ்சி!" நமக்கு மட்டும் சூழ்நிலை, அவனுக்குக் குணமா? மனிதர்களிடம் உள்ள இந்தத் தவறுக்கு லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1977-ல் ஒரு பெயரே வைத்தார். 'அடிப்படைக் காரணங்காட்டல் பிழை' என்றார்.

நம்ம ஓசூரைப் பாருங்கள். சிப்காட் வந்த பிறகு இது ஷிஃப்ட் ஊர். அப்பா நைட் ஷிஃப்ட், அம்மா காலை ஷிஃப்ட் என்றால், தம்பி தங்கச்சிக்குத் தலை சீவி, சாப்பாடு கட்டி அனுப்புவது யார்? முதல் பீரியடில் தூங்கி விழுகிற அதே பிள்ளைதான். ஒடிசா, பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருந்தால் அது திமிரா? தமிழ் இன்னும் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் வளர்ந்தால் ஆபத்து. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சனையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகளை எரித்தார்கள். சென்னையில் ஒரு கர்நாடக ஓட்டலைத் தாக்கினார்கள். ஜூஜூவாடியில் வண்டிகள் நின்று, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே எல்லையைத் தாண்டினார்கள். அப்போது இரண்டு பக்கமும் ஒரே பேச்சுதான். "அவங்க செய்தது வெறி, நம்மாளுங்க செய்தது கோபம்." ஒரே செயலுக்கு இரண்டு நியாயம்!

ஆனால் நம்பிக்கை தருகிற செய்தியும் கர்நாடகத்திலிருந்தே கிடைக்கிறது. ஜோன் மில்லர் என்பவர் மைசூர் மக்களையும் அமெரிக்காவின் சிகாகோ மக்களையும் ஒப்பிட்டு 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தெரிந்தவர் ஒருவர் செய்த செயலுக்குக் காரணம் கேட்டபோது, சிகாகோ பெரியவர்கள் குணத்தை அதிகம் சொன்னார்கள். மைசூர் பெரியவர்கள் சூழ்நிலையை அதிகம் சொன்னார்கள். 8 வயதுப் பிள்ளைகளிடமோ பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் இது பிறவியில் வருவதில்லை, வளர வளரப் பழகுவது. பழகியதை மாற்றவும் முடியும்தானே?

இன்னொன்றையும் கவனியுங்கள். மைசூர்க்காரர்கள் பேசியது தெரிந்தவர்களைப் பற்றி. தெரியாதவர் என்றால் நமக்குச் சூழ்நிலை எளிதில் கண்ணில் படுவதில்லை. ஆகவே முதலில் பழக வேண்டும், பேச வேண்டும்.

"எல்லாத்துக்கும் காரணம் கேட்டா ஒழுக்கம் என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கலாம். காரணம் கேட்பது வேறு, மன்னித்து விடுவது வேறு. பஸ் எரித்தவருக்குத் தண்டனை வேண்டும்தான். ஆனால் காரணம் தெரியாமல் கொடுக்கும் தண்டனையால் எதுவும் திருந்தாது. தினமும் முட்டி போட வைத்தாலும் அம்மாவின் ஷிஃப்ட் மாறப் போவதில்லையே!

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். லேட் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் போடுங்கள். நண்பர்களே, "அவன் அப்படித்தான்" என்று சொல்லும் முன் "ஏன்டா, என்ன ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேட்டுப் பார்ப்போம், பிறகு தீர்ப்புச் சொல்வோம்!

– 11-ஆம் வகுப்பு மாணவி