கம்பெனிக்கு வருஷம் பதின்மூன்று மாதமா?

வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இன்டர்நெட் விற்கும் கம்பெனிகளின் பஞ்சாங்கமே வேறு. அங்கே மாதம் என்றால் 28 நாள். வருஷம் என்றால் பதின்மூன்று மாதம்! சோமனூர் தறித் தொழிலாளியும் கணபதி பவுண்டரித் தொழிலாளியும் வீட்டு வாடகையைப் பன்னிரண்டு முறை கொடுக்கிறார்கள். ரீசார்ஜை மட்டும் பதின்மூன்று முறை செய்கிறார்கள்.

சில்லறை விஷயம் என்று தள்ளிவிட முடியாது, தோழர்களே! 2024 ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 299 ஆயிற்று. பதின்மூன்று முறைக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு கைபேசிக்கு வருஷத்துக்கு 780 ரூபாய் கூடுதல். வீட்டில் மூன்று கைபேசி இருந்தால்? அதே வாரத்தில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் விலையை ஏற்றின.

வேண்டாமென்று ஒதுக்கிவிடலாமா? சேமநல நிதிப் பணம் கேட்கக் கைபேசி வேண்டும். உணவு கொண்டு போகும் இளைஞனுக்கு அதுவே முதலாளி, அதுவே மேஸ்திரி. தனிநபர் பணிகள் தவிர்த்து, நூறு நாள் வேலையின் வருகைப் பதிவையும் 2023 ஜனவரி 1 முதல் கைபேசி வழியாகவே செய்ய வேண்டும் என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. கட்டாயமாக்கத் தெரிந்தவர்கள் கட்டணத்தைக் கட்டுப்படுத்த வேண்டாமா?

வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம். 1995 ஆகஸ்டு 15-ல் சர்க்கார் நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. 1998-ல் தனியாருக்குக் கதவு திறந்தது. நாடு முழுவதற்கும், மாநில அளவுக்கும், மாவட்ட அளவுக்கும் எனத் தனித்தனி லைசென்சுகள் உண்டு. ஆனால் சிறிய ஊர்க் கம்பெனி இணையத்தைத் தானே உற்பத்தி செய்வதில்லை. பெரிய கம்பெனியிடம் மொத்த விலைக்கு வாங்கித் தெருவில் விற்கிறது. மொத்த வியாபாரியே அடுத்த தெருவில் சில்லறைக் கடையும் வைத்தால், சின்னக் கடைக்காரன் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பான்?

2016-ல் ஜியோ வந்தபோது விலை சரிந்தது, மறுக்கவில்லை. ஏழையின் கைக்கும் இணையம் வந்தது. ஆனால் போட்டியிட்டவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். இன்று பிராட்பேண்டு சந்தாதாரர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரண்டே கம்பெனிகளிடம்! சந்தை சுருங்கியது, விலை ஏறியது.

காவல் காக்க ஆள் இல்லையா? இருக்கிறார். 1997-ல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், டிராய். ஆனால் விலையைக் கம்பெனியே நிர்ணயிக்கலாம். அமலான ஏழு வேலை நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். கதவு உடைந்த பிறகு காவலனுக்குக் கடுதாசி!

அந்தக் காவலனால் முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 2022 ஜனவரியில், 30 நாள் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் வைத்தாக வேண்டும் என்று அதே டிராய்தான் உத்தரவிட்டது. 2016 பிப்ரவரி 8-ல், சில தளங்களை மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ காட்டி மற்றவற்றுக்கு வேறு விலை வாங்கும் சூழ்ச்சியைத் தடுத்ததும் அதுவே. அதற்கு முன் லட்சக்கணக்கான மக்கள் கடிதம் எழுதினார்கள். மக்கள் தட்டினார்கள், ஆணையம் விழித்தது.

பொதுத்துறை என்ன ஆயிற்று? 2020 ஜனவரியில் பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் அனுப்பப்பட்டார்கள். தனியாருக்கு 2012-லேயே வந்துவிட்ட 4ஜி, அந்த நிறுவனத்துக்கு நாடு தழுவிய அளவில் வந்தது 2025 செப்டம்பரில். காலைக் கட்டிவிட்டு ஓட்டப் பந்தயத்தில் தோற்றான் என்பது என்ன நியாயம்?

கொங்கு நாட்டுக்கு இது புரியாத பாடமல்ல. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையத்தை இயக்கியது சென்னை மாகாண சர்க்கார். அந்தக் கம்பி மலையிறங்கிய பிறகே கோவையில் ஆலைகள் பெருகின. தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் ஓடியது. பொதுப் பணத்தில் வந்த கம்பி ஒரு வட்டாரத்தையே வாழவைத்தது. இணையக் கம்பியும் அத்தகையதே.

பணமில்லை என்று சொல்ல முடியாது. கம்பெனிகளின் வருவாயில் 5 சதவீதம் கிராமப்புறச் சேவை நிதிக்குப் போகிறது. அது நாம் கட்டும் பில்லிலிருந்து போகும் பணம். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டு செல்ல டான்பிநெட் என்ற மாநில அரசு நிறுவனமும் இருக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. அடிப்படைத் திட்டத்துக்கு உச்ச விலையை டிராய் நிர்ணயிக்கட்டும். மாதம் என்றால் மாதமாகவே இருக்கட்டும். வால்பாறைத் தோட்ட லயன் வரை பொதுத்துறைக் கம்பி போகட்டும். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் போடுங்கள். ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம், கூலிச் சீட்டையும் ரீசார்ஜ் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழிலேயே எழுதுங்கள். டில்லிக்குக் கம்பெனிகளின் குரல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த ஜூலையிலும் நாம்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம்.