கைக்குத் தெரியாது, அளவிக்குத் தெரியும்

பிள்ளைக்கு வயிறு உப்பினால் நாம் என்ன செய்வோம்? கை வைத்து அழுத்திப் பார்ப்போம். வீட்டில் அது போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் குழந்தைக்கு அது போதாது. தொட்டுப் பார்த்து மதிப்பிடுவது அனுபவசாலிகளையும் ஏமாற்றும். வயிற்றின் அழுத்தத்தை அளக்கத்தான் வேண்டும். அதை முறையாகச் செய்யத் தாதியருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து.

நமக்கெல்லாம் தெரிந்த டிங்கிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். நோய் கடுமையானால் இரத்தத்தின் நீர்ப்பகுதி நாளங்களிலிருந்து கசிந்து வயிற்றுக்குள் தேங்கும். உயிரைக் காக்க ஏற்றும் திரவத்திலும் ஒரு பகுதி அங்கேயே போய்ச் சேரும். அழுத்தம் ஏறினால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரல் விரியச் சிரமப்படும். சிறுநீர் குறையும். இதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் குறையும்.

2013-இல் வெளியான அனைத்துலக வரையறைப்படி, கடுமையாக நோயுற்ற குழந்தைகளின் வயிற்று அழுத்தம் 4 முதல் 10 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். 10-ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. பெரியவர்களுக்கு அந்த எல்லை 12. குழந்தைக்கு ஏன் குறைவு? சராசரி இரத்த அழுத்தத்திலிருந்து வயிற்று அழுத்தத்தைக் கழித்துப் பாருங்கள். வயிற்று உறுப்புகளுக்கு இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் அதுதான். சராசரி 85 உள்ள பெரியவருக்கு வயிற்றில் 15 இருந்தாலும் 70 மிஞ்சும். சராசரி 50 உள்ள குழந்தைக்கு மிஞ்சுவது 35 மட்டுமே.

அளக்கும் முறை எளிதுதான். சிறுநீர்க் குழாய் வழியாகக் கிலோவுக்கு 1 மில்லிலிட்டர் வீதம், குறைந்தது 3, கூடினால் 25 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய உப்புநீரைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவார்கள். குழந்தை மல்லாந்து படுத்திருக்க, மூச்சு வெளியேறி முடியும் தருணத்தில் அளவைக் குறிப்பார்கள். குழந்தை அழுதாலோ முக்கினாலோ அளவு பொய்யாக ஏறிவிடும்.

இங்கேதான் நம் படிவம் ஐந்து இயற்பியல் வருகிறது. திரவ அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. அளவியின் சுழியப் புள்ளி, இடுப்பெலும்பின் மேல்விளிம்பை அக்குளின் நடுக்கோடு சந்திக்கும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். அதை 10 செ.மீ. உயர்த்தி வைத்துவிட்டால் அளவு ஏறக்குறைய 7 குறைந்துவிடும். 14 உள்ள குழந்தைக்கு 7 என்று காட்டும். எல்லாம் சரி என்று நாம் நிம்மதியாக இருப்போம், குழந்தையின் சிறுநீரகமோ திணறிக்கொண்டிருக்கும்.

ஆகவே, அந்தப் புள்ளியைக் குழந்தையின் உடலில் பேனாவால் குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும். அடுத்த வேளைக்கு வரும் தாதியும் அதே புள்ளியிலிருந்து அளக்க வேண்டும். ஒரு முறை அளந்தால் போதாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தால்தான் ஏற்றம் தெரியும். பல குழந்தைகளை ஒரே தாதியின் பொறுப்பில் விட்டுவிட்டு இந்த நுணுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

பெற்றோரே, "பிள்ளையைக் கொஞ்ச நேரம் தூக்காதீர்கள்" என்று தாதி சொன்னால் பொறுத்திருங்கள். அளந்து முடித்ததும், "போன முறையைவிட ஏறியிருக்கிறதா?" என்று தயங்காமல் கேளுங்கள்.